சிஆர்பி நார்மல் என்றால் தமனியில் நோய் அடங்கிவிட்டதா?

ஜூன் 9, 2025 – வாசகர் கேள்வி

என் தங்கைக்கு வயது 27. டாகயாசு தமனி அழற்சி (பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி வருகிற நோய்) என்று கண்டுபிடித்து ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பரிசோதனைகளில் ஆரம்பத்தில் ஈஎஸ்ஆர் 78, சிஆர்பி 46. இப்போது ஈஎஸ்ஆர் 16, சிஆர்பி 3. அடுத்தடுத்து இரண்டு தடவை இப்படியே வந்திருக்கிறது. ரத்தத்தில் அழற்சியே இல்லை என்று ஆன பிறகு எதற்கு மறுபடியும் எம்ஆர் ஆஞ்சியோ (தமனிகளைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள்? மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஜூன் 9, இரவு

இல்லை. அந்த முடிவுக்கு வரவே கூடாது, அதுவும் டாகயாசுவில். நானும் இதே நோயோடு பல வருடங்களாக இருக்கிறவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிஆர்பி தமனிச் சுவரிலிருந்து வருகிற பொருள் இல்லை. கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற புரதம் அது. உடம்பில் எங்கேயாவது அழற்சி நடந்தால் அங்கிருக்கிற செல்கள் இன்டர்லூக்கின் 6 என்ற பொருளை வெளியிடுகின்றன. அது கல்லீரலை எட்டியதும் சிஆர்பி தயாரிப்பு தொடங்குகிறது. ஆறு மணி நேரத்தில் ஏற ஆரம்பிக்கும், இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம், நோய் எதுவானாலும் இது மாறுவதில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கிற எண், கல்லீரல் இப்போது எவ்வளவு வேகமாக அதைத் தயாரிக்கிறது என்பதற்கான அளவு. கழுத்துத் தமனியின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. சுவருக்குள் மட்டும் மெதுவாக அழற்சி நடந்துகொண்டிருந்தால் கல்லீரலைத் தூண்டுகிற அளவுக்கு இன்டர்லூக்கின் 6 வெளியே வராமலே போகலாம். ஸ்டீராய்டு வேறு அதைக் குறைத்துவிடுகிறது.

இது என் ஊகம் இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 60 டாகயாசு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1994-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஈஎஸ்ஆரை நம்பி நோயின் நிலையைச் சொல்ல முடியாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. நோய் அடங்கியிருக்கிறது என்று கருதப்பட்டவர்களில் சிலருக்கு பைபாஸ் அறுவை செய்தபோது தமனித் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 44 சதவீதம் பேருக்கு அழற்சி அப்படியே இருந்தது. திசு எடுத்துப் பார்க்கப்பட்டவர்கள் மிகக் குறைவுதான், அந்த சதவீதத்தை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. ஆனாலும் வெளியிலிருந்து பார்த்து "அடங்கிவிட்டது" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

என் கதையும் அந்த வகைதான். கரும்பலகையில் எழுதும்போது இடது கை சீக்கிரம் களைத்துப்போகும், கையை இறக்கினால் சரியாகும். ஈஎஸ்ஆர் நார்மலாக இருந்ததால் மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறொரு மருத்துவர் இரண்டு கையிலும் நாடி பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் நாடி மிக மெலிதாக இருந்தது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஜூன் 10

அவசரமாக ஒன்று. ரிப்போர்ட் என்ன சொன்னாலும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பது படிப்படியாக, மருத்துவர் சொல்கிற கணக்கில்தான். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 14

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஈஎஸ்ஆர் 52, சிஆர்பி 4. எதை நம்புவது?

இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன என்று புரிந்தால் குழப்பம் பாதி தீரும்.

ஈஎஸ்ஆர் ஒரு பொருளின் அளவே இல்லை. உறையாத ரத்தத்தை நின்ற குழாயில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது, அவ்வளவுதான். 1897-ல் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி இதைக் கவனித்து எழுதினார். பிறகு ஸ்வீடனில் ஃபாரேயுஸ், வெஸ்டர்கிரென் இருவரும் வளர்த்தெடுத்தார்கள். இன்றைக்கும் வெஸ்டர்கிரென் பெயரில்தான் முறை இருக்கிறது. சிவப்பணுக்களுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அதனால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். ரத்தத்தில் ஃபைப்ரினோஜனும் இம்யூனோகுளோபுலின்களும் கூடினால் அந்தத் தள்ளுதல் பலவீனமாகி, அடுக்கிய நாணயங்கள் மாதிரி அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும்.

அப்படியானால் அழற்சி இல்லாமலே ஈஎஸ்ஆர் ஏற எத்தனை வழி இருக்கிறது பாருங்கள். ரத்தசோகை இருந்தால் ஏறும். வயதானால் ஏறும். பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். கர்ப்பத்தில் ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். குழாயை நேராக நிறுத்தாமல் மூன்று டிகிரி சாய்த்து வைத்தால்கூட அளவு கணிசமாகக் கூடிவிடும். மாறாக, சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் அளவுக்கு மீறி இருந்தாலோ வடிவத்தில் மாறியிருந்தாலோ (அரிவாள் செல் நோயில் நடப்பது இது) அழற்சி இருந்தும் ஈஎஸ்ஆர் கீழேயே நிற்கும்.

வயதுக்கு ஏற்ற மேல் எல்லையைக் கணக்கிட ஒரு பழைய சுலப விதி உண்டு: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதி. 70 வயதுப் பெண்ணுக்கு 40 வரை பரவாயில்லை. 25 வயதுப் பெண்ணுக்கு அதே 40 கேள்விக்குரியது.

இனி 52-க்கு வருவோம். முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு ஒரு காலத்தில் ஈஎஸ்ஆர் திடீரென்று ஏறியது, சிஆர்பி அசையவில்லை. ஸ்டீராய்டைக் கூட்டலாமா என்று பேச்சு வந்தது. என் ரூமட்டாலஜி (வாதநோய்) மருத்துவர் பொறுமையாக இரும்புச்சத்தைப் பார்க்கச் சொன்னார். குறைந்திருந்தது அதுதான். இரும்புச்சத்து ஏறியதும் ஈஎஸ்ஆர் தானாக இறங்கியது. தேவையில்லாத ஸ்டீராய்டு ஒரு மில்லிகிராம்கூட உடம்புக்குள் போகாமல் காப்பாற்றிய அந்த நிதானத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட அழற்சியே ரத்தசோகையை உண்டாக்கும். இன்டர்லூக்கின் 6 கல்லீரலை ஹெப்சிடின் சுரக்க வைக்கிறது, அது இரும்பைச் சேமிப்பிலேயே பூட்டிவிடுகிறது. அப்போது இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நார்மலாகவோ அதிகமாகவோ இருக்கும், ரத்தத்தில் மட்டும் இரும்பு குறைந்திருக்கும். ஆகவே "ரத்தசோகைதான் காரணம்" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடக் கூடாது, எந்த வகை ரத்தசோகை என்று கேட்க வேண்டும்.

ஜூன் 15

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: நோய் தணியும்போது சிஆர்பி முதலில் இறங்கும், ஈஎஸ்ஆர் பின்னால் மெதுவாக வரும். ஃபைப்ரினோஜன் ரத்தத்தில் நாட்கணக்கில் நிற்கும், இம்யூனோகுளோபுலின் வாரக்கணக்கில் நிற்கும். மருந்து ஆரம்பித்த சில நாளிலேயே "ஈஎஸ்ஆர் இன்னும் 60" என்று பதறுகிறவர்களுக்காக இதை எழுதினேன்.

ஜூன் 21

72 வயது அப்பாவுக்காக எழுதியவருக்கு. புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, சீப்பு வைத்தால் தலைத்தோல் வலிக்கிறது, மெல்லும்போது தாடை வலித்து நின்றுவிடுகிறது, நேற்று ஒரு கண்ணில் சில நிமிடம் திரை விழுந்தது மாதிரி இருந்தது என்கிறீர்கள். ஈஎஸ்ஆர் ரிப்போர்ட் திங்கட்கிழமை வருமாம், அதுவரை பொறுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பொறுக்காதீர்கள். இன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இது ஜயன்ட் செல் தமனி அழற்சியாக இருக்கலாம். 50 வயதுக்கு மேல் வருகிற நோய், கண் நரம்புக்கு ரத்தம் தருகிற தமனியை அடைத்துவிட்டால் பார்வை போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது, அடுத்த கண்ணும் சில நாளில் போகலாம். அதனால்தான் சந்தேகம் வலுவாக இருந்தால் ரிப்போர்ட்டுக்கும் பயாப்சிக்கும் (தமனித் திசுவை எடுத்துப் பார்ப்பது) காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுகிறார்கள். தொடங்கிய பிறகும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுக்கிற பயாப்சியில் தடயம் தெரியும். அல்ட்ராசவுண்டில் தமனியைச் சுற்றித் தெரிகிற கருவளையம் அதைவிடச் சீக்கிரம் மங்கும்.

ஈஎஸ்ஆர், சிஆர்பி, தட்டணு எண்ணிக்கை மூன்றுக்கும் ஸ்டீராய்டுக்கு முன்பே ரத்தம் எடுத்துவிடட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். முடிவு பிறகு வரட்டும்.

ஜூன் 21, மாலை

வந்து சேர்ந்தோம் என்று எழுதியிருக்கிறார். நிம்மதி.

ஜூன் 24

அப்பாவுக்குத் தட்டணு 5,60,000, சிஆர்பி 92, ஈஎஸ்ஆர் 88. அல்ட்ராசவுண்டில் இரண்டு பக்கமும் கருவளையம். ஸ்டீராய்டு கொடுத்த மறுநாளே தலைவலி குறைந்ததாம்.

ஜயன்ட் செல் நோயில் ரத்த அளவீடுகளுக்கு மதிப்பு நிஜமாகவே அதிகம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். என்னுடைய முதல் பதிவைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் அவை பயனற்றவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2022-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் ஈஎஸ்ஆர் 50 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் சிஆர்பி லிட்டருக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் 3 புள்ளி. திடீர்ப் பார்வை இழப்புக்கும் அதே 3. பயாப்சியோ கருவளையமோ உறுதியானால் 5. மொத்தம் 6 வந்தால் ஜயன்ட் செல் என்று வகைப்படுத்துவார்கள். அதே ஆண்டு அதே அமைப்புகள் டாகயாசுவுக்கு வெளியிட்ட பட்டியலில் ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. நாடி, கைகளின் ரத்த அழுத்த வித்தியாசம், தமனியில் கேட்கும் இரைச்சல், ஸ்கேனில் தெரிகிற மாற்றம் போன்றவைதான். இரண்டும் பெருந்தமனி சார்ந்த அழற்சிதான், ஆனால் ரத்தம் பேசுகிற அளவு இரண்டிலும் ஒன்றாக இல்லை.

அங்கேகூட ஒரு ஓட்டை உண்டு. பயாப்சியில் ஜயன்ட் செல் உறுதியானவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டுமே நார்மலாக இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. அறிகுறிகள் வலுவாக இருந்தால் நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஜூலை 2

சின்ன விஷயம், ஆனால் பலரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. சிஆர்பி சில லேப்களில் லிட்டருக்கு மி.கி., சில லேப்களில் டெசிலிட்டருக்கு மி.கி. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். 0.8-லிருந்து 8 ஆகிவிட்டது என்று எழுதியவருக்கு உண்மையில் ஒன்றுமே மாறவில்லை. எண்ணைப் படிக்கும் முன் அலகைப் படியுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

இன்னொருவர் ஹெச்எஸ் சிஆர்பி 2.6 என்பதால் தமனி அழற்சி நோயா என்று கேட்கிறார். அது வேறு பயன்பாட்டுக்கான பரிசோதனை. அதே புரதம்தான், மிகக் குறைந்த அளவையும் துல்லியமாக அளக்கிற முறை. 1-க்குக் கீழே, 1 முதல் 3 வரை, 3-க்கு மேல் என்று பிரித்து மாரடைப்பு அபாயத்தை மதிப்பிட உதவுகிறது. கொழுப்புப் படிவிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு. 2017-ல் வந்த கான்டோஸ் ஆய்வு, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கினாலே மாரடைப்பு குறைகிறது என்று காட்டியது. ஆனால் அது வாஸ்குலைட்டிஸ் (ரத்தக்குழாய் அழற்சி நோய்) இல்லை. உடல் பருமன், புகைப்பழக்கம், பல் ஈறு நோய், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இவையெல்லாம் 2.6 வர வைக்கும்.

ஜூலை 13

டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்கிறவர் எழுதிய பதிவுதான் இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகக் கவலை தந்தது. "சிஆர்பி 0.3, வாழ்க்கையில் இவ்வளவு குறைவாக வந்ததே இல்லை, நோய் போய்விட்டது" என்கிறார்.

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். முதல் பதிவில் சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள்: அழற்சி, இன்டர்லூக்கின் 6, கல்லீரல், சிஆர்பி. டோசிலிசுமாப் என்ன செய்கிறது? இன்டர்லூக்கின் 6 போய் அமர்கிற ஏற்பியை மறித்துவிடுகிறது. அழற்சி முழுவீச்சில் இருந்தாலும் கல்லீரலுக்கு அது எட்டாது, சிஆர்பி தயாராகாது. ஃபைப்ரினோஜனும் குறைவதால் ஈஎஸ்ஆரும் விழுந்துவிடும். உங்கள் 0.3, மருந்து ஏற்பியை நன்றாக மறித்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. தமனி எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மருந்து மோசம் என்று சொல்ல வரவில்லை. ஜயன்ட் செல் நோயில் 251 பேரை வைத்து நடந்த ஜியாக்டா ஆய்வில், வாரம் ஒரு ஊசியோடு 26 வாரத்தில் ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஊசி இல்லாமல் அதே கணக்கில் ஸ்டீராய்டைக் குறைத்தவர்களில் 14 சதவீதம்தான். பலருக்கு ஸ்டீராய்டிலிருந்து விடுதலை தந்த மருந்து இது. ஆனால் அதே ஆய்வில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது நோய் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்குச் சிஆர்பி நார்மலாகத்தான் இருந்தது. ஆகவே இந்த மருந்தில் இருக்கிறவர்கள் அறிகுறி, நாடி, ரத்த அழுத்தம், ஸ்கேன் இவற்றையே நம்ப வேண்டும்.

ஜூலை 14

அப்படியானால் இன்டர்லூக்கின் 6-ஐயே நேரடியாக அளந்தால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் இந்த மருந்தில் அதுவும் உதவாது. ஏற்பியோடு சேர்ந்து செல்லுக்குள் போய்த்தான் இன்டர்லூக்கின் 6-இல் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து நீங்குகிறது. ஏற்பியை அடைத்தால் அது போக வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கி, அளவு கூடித் தெரியும். நோய் கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

உபாடாசிடினிப் போன்ற ஜாக் தடுப்பு மாத்திரைகளும் இதே பாதையைத்தான் உள்ளேயிருந்து தடுக்கின்றன, அவற்றிலும் சிஆர்பியை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் வேறு வகை. அவை டிஎன்எஃப் என்ற வேறொரு அழற்சிப் பொருளை அடக்குகின்றன. இன்டர்லூக்கின் 6 மறுபடி கிளம்பினால் கல்லீரலால் பதில் சொல்ல முடியும். அதனால் அங்கே சிஆர்பிக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு மிச்சம் இருக்கிறது.

ஜூலை 16

இதன் தொடர்ச்சியாக, உயிர் காக்கிற விஷயம் ஒன்று. டோசிலிசுமாபில் இருக்கிறவருக்கு நிமோனியா வந்தாலும் சிஆர்பி ஏறாமல் இருக்கலாம், காய்ச்சலும் மங்கலாகத்தான் வரும். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் முதல் வாக்கியமே "நான் இந்த ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்பதாக இருக்கட்டும். மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசி இல்லாதவர்களுக்கு நிலைமை தலைகீழ். திடீரென்று சிஆர்பி 80, 100 என்று வந்தால் தமனி நோய் திரும்பிவிட்டது என்று உடனே ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் தொற்றுநோயைத் தேட வேண்டும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருக்கிறோம், நமக்குத் தொற்று எளிதில் வரும். எனக்கு ஒருமுறை அப்படி ஏறியபோது காரணம் சிறுநீர்த் தொற்று. ப்ரோகால்சிடோனின் என்ற பரிசோதனை ஓரளவு கைகொடுக்கும். பாக்டீரியா தொற்றில் அது ஏறும், வாஸ்குலைட்டிஸில் பெரும்பாலும் ஏறாது. ஓரளவு என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள்.

ஜூலை 30

தங்கைக்காகக் கேட்ட வாசகர் எம்ஆர் ஆஞ்சியோ முடிவைப் போட்டிருக்கிறார். புதிய குறுகல் இல்லை. இடது கழுத்துத் தமனியின் சுவர் மட்டும் இன்னும் தடிமனாக இருக்கிறது, ஸ்கேனுக்கான மருந்து செலுத்தியதும் ஒளிர்கிறது. "அப்படியானால் நோய் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் நானும் நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேன்தான் கடைசிச் சொல் என்ற மாதிரி மேலே என் எழுத்து ஒலித்திருந்தால், அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். சுவரின் ஒளிர்வு அழற்சியாலும் வரலாம், பழைய காயம் ஆறிய தழும்பாலும் வரலாம். பெட் ஸ்கேனிலும் அறிகுறியே இல்லாத பலருக்குச் சுவர் ஒளிர்வதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பிறகு நோய் கூடுவதில்லை. புதிய குறுகலோ, வீக்கமோ, புதிதாக ஒரு கிளையில் தடிமனோ வந்தால் அது தெளிவான சேதி. இருந்த தடிமன் அப்படியே இருப்பது அவ்வளவு தெளிவான சேதி இல்லை.

மருத்துவர் ஸ்டீராய்டை மெதுவாகக் குறைத்துக்கொண்டு, மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்து, சில மாதம் கழித்து அதே மெஷினில் மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பது நியாயமான வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று படித்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

ஆகஸ்ட் 11

ஆன்கா நெகட்டிவ், ஆகவே வாஸ்குலைட்டிஸ் இல்லை என்று ஒருவரிடம் சொன்னார்களாம். ஆன்கா என்பது நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தாக்கும் சில நோய்களின் அடையாளம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவில் இருக்கிற பிஆர்3, எம்பிஓ என்ற இரண்டு புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி அது. டாகயாசுவிலும் ஜயன்ட் செல்லிலும் அதை எதிர்பார்ப்பதே இல்லை. கையில் நாடி இல்லாதவருக்கு ஆன்கா நெகட்டிவ் வந்தால் எந்த ஆறுதலும் கிடையாது. பெருந்தமனி அழற்சி என்றால் சிஃபிலிஸ், காசநோய், ஐஜிஜி4 நோய் இவற்றை விலக்குகிற பரிசோதனைகள் ஆன்காவைவிட முக்கியம். நடுத்தரத் தமனிகளைத் தாக்கும் பாலிஆர்டெரைட்டிஸ் நோடோசாவில் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம், சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.

குழந்தையின் கவாசாகி நோய் (சிறு குழந்தைகளுக்கு வருகிற தமனி அழற்சி) பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு ஈஎஸ்ஆர் கூடியிருப்பதைப் பார்த்து பயப்படாதீர்கள். ஏற்றிய புரதமே சிவப்பணுக்களை ஒட்ட வைத்து ஈஎஸ்ஆரை உயர்த்தும். அந்தக் கட்டத்தில் மருத்துவர்கள் பார்ப்பது காய்ச்சல், சிஆர்பி, எக்கோ. தட்டணுக்கள் இரண்டாவது வாரத்தில் ஏறுவதும் அந்த நோயின் போக்குதான். எக்கோவுக்குச் சொன்ன தேதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

செப்டம்பர் 5

பென்ட்ராக்சின் 3 பற்றிப் பலரும் கேட்பதால் எழுதுகிறேன். சிஆர்பியின் உறவுக்காரப் புரதம், ஒரே குடும்பம். சிஆர்பி கல்லீரலில் தயாராகிறது. பென்ட்ராக்சின் 3-ஐ அழற்சி நடக்கிற இடத்திலேயே ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் செய்கின்றன. தமனிக்குள்ளிருந்தே வருகிற அடையாளம் என்பதால் இதன்மேல் பெரிய நம்பிக்கை எழுந்தது. 2011-ல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வில் டாகயாசுவின் தீவிரத்தைச் சிஆர்பியையும் ஈஎஸ்ஆரையும்விட இது நன்றாகக் காட்டியது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவுக்கு உறுதிப்படுத்தவில்லை. தொற்று வந்தாலும் இது ஏறும்.

நான் இதை ஆசையோடு தொடர்ந்து படிக்கிறேன். ஆனால் இன்றைக்குத் தனிப்பட்ட ஒருவர் காசு கொடுத்து எடுத்துப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படுத்தும் நிலைக்கு அது வரவில்லை. எந்த எண்ணுக்கு மேல் என்றால் என்ன செய்வது என்று யாரும் உறுதியாக வரையறுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கலாம் என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 6

ரத்த அழுத்தத்தை எந்தக் கையில் பார்ப்பது என்று உடனே கேள்வி வந்துவிட்டது. இரண்டிலும் பாருங்கள். 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டாகயாசு ஏற்கனவே உறுதியானவர்களுக்கு எந்தக் கையில், எந்தக் காலில் அளப்பது சரி என்று ஸ்கேனைப் பார்த்து மருத்துவரே சொல்வார். கைக்குப் போகிற தமனி குறுகியிருந்தால் கையில் 100 காட்டும், உள்ளே பெருந்தமனியில் 170 இருக்கும். என் இடது கையில் யாராவது பட்டையைச் சுற்ற வந்தால் இன்றைக்கும் தடுத்து வலது கையை நீட்டுகிறேன். இரண்டு கையிலும் குறுகியவர்களுக்குக் காலில்தான் அளக்க வேண்டும்.

என் நோட்டில் தேதி, வலது கை அளவு, ஹீமோகுளோபின், ஈஎஸ்ஆர், சிஆர்பி, அன்றைய ஸ்டீராய்டு டோஸ், அந்த வாரம் சளி காய்ச்சல் ஏதாவது இருந்ததா, கை கால் களைப்பு எப்படி என்று ஒரே வரியில் எழுதுகிறேன். தனி எண்ணைவிட இந்த வரிகள் மருத்துவருக்கு அதிகம் உதவுகின்றன. எனக்கு நோய் கூடும்போது சிஆர்பி ஏறும் முன்பே கழுத்தின் பக்கவாட்டில் தொட்டால் வலிக்கும். அதை எந்த லேபும் எழுதித் தராது. வேறொருவருக்குச் சிஆர்பிதான் முதலில் ஏறலாம், அவருக்கு அது நல்ல அளவுகோல். உங்கள் உடம்பில் எது முன்னால் வருகிறது என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அக்டோபர் 19

"அக்கா, குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறேன், ஈஎஸ்ஆர் ஏறினால் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்ட தங்கைக்கு.

கர்ப்பத்தில் ஃபைப்ரினோஜன் இயல்பாகவே கூடும், ரத்தம் நீர்த்தும் இருக்கும். ஆகவே ஈஎஸ்ஆரைப் பற்றி அந்த மாதங்களில் கவலைப்படுவதில் பயன் இல்லை. சிஆர்பியை அதைவிடக் கொஞ்சம் நம்பலாம், ஆனால் அதுவும் லேசாகக் கூடியே இருக்கும். டாகயாசு உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தில் உண்மையான ஆபத்து ரத்த அழுத்தத்திலிருந்துதான் வருகிறது. அதைச் சரியான கையிலோ காலிலோ அளப்பது எந்த ரத்தப் பரிசோதனையையும்விட முக்கியம். மகப்பேறு மருத்துவரின் நர்ஸ்களுக்கு எந்தக் கை என்று முதல் நாளே சொல்லி, கோப்பின் மேலட்டையில் எழுத வையுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் மெத்தோட்ரெக்சேட், மைகோஃபெனோலேட் இவற்றில் ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். எத்தனை நாள் முன்பு என்பதை உங்கள் ரூமட்டாலஜி மருத்துவரிடம் கேளுங்கள். அசாதயோபிரின் போல கர்ப்பத்தில் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. நோய் சில மாதம் அமைதியாக இருந்த பிறகு திட்டமிடுவது நல்லது. அந்த அமைதியை முடிவு செய்யக் கர்ப்பத்துக்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட அதுதான் கையில் இருக்கும்.